பழைய மாடல் ரயில் சூடாகிறதா? மின் கோளாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1920களிலிருந்து 1970கள் வரை வந்த மின்சார மாடல் ரயில்களை அலமாரியில் வைத்து அழகு பார்க்காமல் இன்றும் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லயனல், அமெரிக்கன் ஃப்ளையர், மார்க்லின், ஹார்ன்பி, ட்ரையாங் என்று பெயர்கள் வேறு வேறு. உள்ளே இருப்பது செப்புக் கம்பியும் இரும்பும் கார்பனும்தான். அவை அவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போவதில்லை. மோட்டார் போய்விட்டது என்று ஒதுக்கிவைத்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் எங்கோ ஓரிடத்தில் தேவைக்கு மேல் ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும். அது எங்கே என்று அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

பல வருடங்கள் பெட்டியில் கிடந்த ரயில். பிளக்கைச் சொருகி ஓட்டிப் பார்க்கலாமா?

உடனே வேண்டாம். முதலில் இன்ஜினை மட்டும் கையில் எடுத்து, சக்கரம் சுற்றுகிறதா பாருங்கள். பழைய எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி இறுகியிருக்கும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கும், போகிற ஆம்பியர் முழுவதும் சூடாக மாறும். பேரிங்கையும் கியரையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பெயின்டில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஊசி முனையால் ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் போதும்.

அடுத்து ஒயர்கள். ரப்பர் உறையும் துணி உறையும் போட்ட பழைய ஒயரை லேசாக வளைத்தாலே உதிர்ந்துவிடும். உதிர்கிறது என்றால் அது எங்கெங்கோ ஷார்ட் ஆகக் காத்திருக்கிறது என்று பொருள். முழுவதையும் மாற்றிவிடுங்கள், நடுவில் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம்.

இதெல்லாம் முடிந்ததும் ஒரு டெஸ்ட் லாம்ப் வையுங்கள். கார்களில் இண்டிகேட்டருக்கும் பிரேக்குக்கும் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை, டிரான்ஸ்பார்மரின் தண்டவாளப் பக்கத்தில் ஒரு ஒயரின் நடுவே தொடராக இணைக்க வேண்டும். அந்தப் பல்பு முழுவதுமாக எரிந்தாலும் சுமார் 1.75 ஆம்பியர்தான் போகும். வோல்டேஜை மெதுவாக ஏற்றுங்கள். பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் சுற்றினால் கவலையில்லை. பல்பு பளிச்சென்று எரிந்து மோட்டார் அசையவில்லை என்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, அல்லது மோட்டார் இறுகிக் கிடக்கிறது. எப்படியிருந்தாலும் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) கருகாமல் தப்பித்தது. இவ்வளவு மலிவான பாதுகாப்பு இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை.

எந்த ரயிலையாவது சோதித்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று உண்டா?

உண்டு. 1920களில் ஐரோப்பாவில் வந்த சில ரயில்கள், வீட்டு மின்சாரத்தை ஒரு பல்பு வழியாகக் குறைத்து நேரடியாகத் தண்டவாளத்துக்கே கொடுத்தன. ஹார்ன்பி 1925இல் வெளியிட்ட முதல் மின்சார ரயிலான மெட்ரோபாலிட்டனும் இந்த உயர் வோல்டேஜ் முறையில் வந்ததுதான். நடுவில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, அதனால் தண்டவாளத்தைத் தொடுவது வீட்டு லைனையே தொடுவதற்குச் சமம். அப்படிப்பட்டது கையில் கிடைத்தால் பார்வைக்கு மட்டும் வையுங்கள்.

என்னுடையது ஏசியா டிசியா?

லயனல், அமெரிக்கன் ஃப்ளையர் இரண்டின் பழைய ரயில்களும் பெரும்பாலும் ஏசி. மார்க்லினின் 00, எச்0 என்ற சிறிய அளவு ரயில்களும் ஏசிதான். 1938இல் தொடங்கிய ஹார்ன்பி டப்லோ 12 வோல்ட் டிசி. ட்ரையாங்கும் அப்படியே. தண்டவாளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டப்லோவுக்கு 1959 வரை மூன்று தண்டவாளம், ஆனால் டிசி. அமெரிக்கன் ஃப்ளையரின் எஸ் கேஜ் என்ற அளவு ரயிலுக்கு இரண்டே தண்டவாளம், ஆனால் ஏசி.

மோட்டாரைத் திறந்து பாருங்கள். நிலையான காந்தம் இருந்தால் டிசி. காந்தத்துக்குப் பதில் கம்பி சுற்றிய ஃபீல்டு காயில் இருந்தால் ஏசியில் ஓடும், டிசியிலும் ஓடும். காந்த மோட்டாருக்கு ஏசி கொடுத்தால் ஓடாது. உறுமிக்கொண்டே நின்று சில நிமிடங்களில் கருகும். மறுபக்கம், லயனலின் ஃபீல்டு காயில் மோட்டாரை டிசியில் ஓட்டினால் பெரும்பாலும் சூடு குறைவாகவே இருக்கும், அதே வோல்டேஜுக்கு வேகமும் கூடும். ஒரே தொல்லை விசில். லயனல் டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரிப்பெட்டி) உள்ள விசில் ரிலே, அதாவது மின்சாரத்தால் இழுபடும் ஸ்விட்ச், டிசியைக் கண்டால்தான் இழுக்கும், அதனால் விசில் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சூடு வரை இயல்பு?

பத்து நிமிடம் ஓடியபின் இன்ஜினின் உடலைக் கையில் பிடித்து வைத்திருக்க முடிந்தால் கவலையில்லை. மோட்டாரின் இரும்புச் சட்டத்தில் ஐந்து விநாடி விரல் வைக்க முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். அந்த அளவு சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும், உள்ளே சுற்றும் காயில் அதைவிடக் கூடுதல் சூட்டில் இருக்கும். ஃபீல்டு காயில் உள்ள ஏசி மோட்டார்கள் காந்த மோட்டார்களைவிடச் சற்றுச் சூடாகத்தான் ஓடும்.

மூக்கும் உதவும். லேசான ஓசோன் வாசனை, அதாவது கார்பன் பொறி வாசனை, இந்த ரயில்களுக்கு இயல்பு. வார்னிஷ் கருகும் இனிப்பான காரநெடி வந்தால் அந்த நொடியே ஸ்விட்சை அணையுங்கள்.

ஆம்பியரை எப்படி அளப்பது? அளந்து என்ன தெரிந்துகொள்வது?

மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் சிவப்பு ஒயரைச் சொருகி, டிரான்ஸ்பார்மருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு ஒயரின் நடுவில் மீட்டரை வையுங்கள். இரண்டு தண்டவாளங்களின் குறுக்கே வைத்தால் அது நேரடி ஷார்ட், மீட்டருக்குள் ஃபியூஸ் போய்விடும். ரயிலுக்கு ஏற்றபடி ஏசி, டிசி தேர்வு சரியாக இருக்கட்டும்.

நான்கு அளவு எடுங்கள். இன்ஜினைத் தூக்கிப் பிடித்துச் சக்கரம் காற்றில் சுற்றும்போது ஒன்று, தண்டவாளத்தில் தனியாக ஓடும்போது ஒன்று, வழக்கமான பெட்டிகளோடு ஒன்று, பத்து நிமிடம் ஓடியபின் மறுபடி ஒன்று. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, அவை எப்படி மாறுகின்றன என்பதுதான் கதையைச் சொல்லும்.

காற்றில் சுற்றும்போதே அதிகம் என்றால் கோளாறு இன்ஜினுக்குள். வார்ம் கியரிலிருந்து (மோட்டாரைச் சக்கர அச்சோடு இணைக்கும் திருகுப் பல்சக்கரம்) மோட்டாரைப் பிரித்து, மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது குறைந்துவிட்டால் மின்சாரத்தில் எந்தத் தப்பும் இல்லை, கியரோ அச்சோ இணைப்புக் கம்பிகளோ இறுக்குகின்றன. குறையவில்லை என்றால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். காற்றில் சரியாக இருந்து பெட்டிகளோடு மட்டும் எகிறினால் பெட்டிகளின் அச்சைப் பாருங்கள். எண்ணெய் காணாத பத்துப் பெட்டி, நல்ல இன்ஜினையும் வேகவைத்துவிடும்.

ஒரு அடையாளத்துக்கு: ட்ரையாங்கின் எக்ஸ்04 மாதிரியான நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் மோட்டார் பொதுவாக அரை ஆம்பியருக்குள் ஓடும். ஓ கேஜ் என்ற பெரிய அளவு லயனல் இன்ஜின்கள் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் எடுப்பது சாதாரணம்.

தொடக்கத்தில் நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் வேகம் குறைகிறது. ஏன்?

செப்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். காயில் 50 டிகிரி சூடேறினால் தடை ஏறக்குறைய 20 சதவீதம் ஏறிவிடும், அதனால் வேகம் குறையத்தான் செய்யும். சற்றே குறைந்து ஒரு நிலையில் நின்றால் அது இயற்கை. குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டால், ஆம்பியர் ஏறுகிறதா இறங்குகிறதா பாருங்கள். ஏறினால் பேரிங் இறுகுகிறது. இறங்கினால் எங்கோ காண்டாக்ட் சூடாகி விலகுகிறது. கார்பன் பிரஷ் (சுற்றும் காயிலுக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டு) ஸ்பிரிங்கும் சால்டர் செய்த முனைகளும் முதல் சந்தேகம்.

கம்யூட்டேட்டரில் பொறி பறக்கிறது. ஆபத்தா?

கம்யூட்டேட்டர் என்பது கார்பன் பிரஷ்கள் உரசும் செப்புத் துண்டுகளின் வளையம். அதில் சின்ன நீலப் பொறி இருக்கட்டும். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தால் ஆபத்து.

பெரும்பாலும் காரணம் அதிக எண்ணெய். எண்ணெயும் கார்பன் தூளும் சேர்ந்து கருப்புச் சேறாகி, செப்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களை நிரப்பிவிடும். அந்தச் சேறு மின்சாரத்தைக் கடத்தும். பல்குச்சியால் பள்ளங்களைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தாலே பாதி இன்ஜின்கள் பிழைத்துக்கொள்ளும். செப்பு குழிந்திருந்தால் மிக நைஸான உப்புத்தாளால் லேசாக மெருகேற்றலாம். ஸ்டீல் ஊல் மட்டும் வேண்டவே வேண்டாம், மோட்டாருக்கும் வேண்டாம், தண்டவாளத்துக்கும் வேண்டாம். அதன் மயிரிழைகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு அவை உள்ளேயே சுற்றிச் சுற்றி ஷார்ட் செய்யும்.

பிரஷ் ஸ்பிரிங் தளர்ந்தால் பொறி கூடும். அதற்காக இழுத்து முறுக்கினால் உராய்வு கூடி வேறு வழியில் சூடாகும். பிரஷ் கம்யூட்டேட்டரை விட்டுத் துள்ளாமல் இருக்கும் அளவு அழுத்தம் போதும்.

ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் காயில் பகுதி) போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

மூன்று துண்டு கம்யூட்டேட்டர் என்றால், ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று என மூன்று ஜோடிகளுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்தக் காயிலில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அளவு எகிறியிருந்தால் கம்பி அறுந்திருக்கிறது. பல நேரம் கம்யூட்டேட்டரோடு சால்டர் செய்த முனை மட்டும் விட்டுப்போயிருக்கும், அதைத் திரும்ப ஒட்டினால் சரியாகிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் அச்சுக்கும் இடையே அளந்தால் மீட்டர் எதையும் காட்டக் கூடாது.

உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டால் வேறு வழியில்லை, காயில் கட்டவேண்டும். பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே கட்டலாம். பழைய கம்பியின் தடிமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பிரிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

காயில், பிரஷ் எல்லாம் சரி. ஆனாலும் 12 வோல்ட் மோட்டார் சூடாகிறது, இழுவையும் இல்லை.

காந்தம் பலவீனமாகியிருக்கும். காந்தம் குறைந்தால் மோட்டார் சுற்றும்போது எதிர்த்து உண்டாகும் வோல்டேஜ் குறையும், அதனால் ஆம்பியர் கூடும். சுமை இல்லாதபோது முன்பைவிட வேகமாகச் சுற்றும், பெட்டியை மாட்டினால் திணறும், சூடாகும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

டப்லோவிலும் எக்ஸ்04 மோட்டாரிலும் உள்ள பழைய அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தங்களை அவற்றின் இரும்புத் துண்டுகளிலிருந்து பிரித்தாலே வலு குறைந்துவிடும். சுத்தம் செய்கிறேன் என்று கழற்றியபின் ரயில் மோசமாக ஓடுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். முடிந்தவரை காந்தத்தைக் கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் உடனே இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை வையுங்கள். வலு போன காந்தத்துக்கு மறுபடி காந்தம் ஏற்றலாம், நியோடைமியம் காந்தத்தாலும் மாற்றலாம்.

எக்ஸ்04 மோட்டாரைச் சுத்தம் செய்து மாட்டினேன். இப்போது நேரடி ஷார்ட்.

பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு கையில் மட்டும் ஒரு சின்ன இன்சுலேஷன் குழல் இருக்கும். அது தொலைந்திருக்கும், அல்லது பக்கம் மாறியிருக்கும். சரியான அளவு ஒயர் உறையில் ஒரு துண்டு வெட்டிப் போட்டாலே போதும். அந்தக் குழல் இல்லாமல் ஓட்டினால் மின்சாரம் ஸ்பிரிங் வழியாகவே போய், ஸ்பிரிங் சூடேறி முறுக்கை இழந்துவிடும்.

லயனல் இன்ஜின் உறுமுகிறது, நகரவில்லை.

திசை மாற்றும் பாகமான ஈ-யூனிட் நியூட்ரலில், அதாவது முன்னும் பின்னும் போகாத நிலையில், இருக்கலாம். ஒவ்வொரு முறை மின்சாரம் விட்டு வரும்போதும் அது முன்னே, நியூட்ரல், பின்னே, நியூட்ரல் என்று மாறிக்கொண்டே போகும். அதன் காயிலுக்கு எப்போதும் மின்சாரம் போவதால் உறுமலும் இளஞ்சூடும் இயல்பு. ஆனால் நியூட்ரலில் நிறுத்தி வோல்டேஜை முழுதாக வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

ஒவ்வொரு நிலையிலும் நகரவில்லை என்றால் உள்ளே உள்ள சின்ன உருளையும் அதைத் தொடும் செப்பு விரல்களும் அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கும். ஆல்கஹாலால் துடையுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.

பழைய மார்க்லின் திசை மாற்றும்போது துள்ளி ஓடுகிறது.

மார்க்லினில் 24 வோல்ட் துடிப்பு ஒன்று கொடுத்தால் திசை மாறும். ரிலேயின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால், ரிலே இழுக்கும் முன்பே மோட்டார் அந்த 24 வோல்ட்டை வாங்கிப் பாயும். ஸ்பிரிங்கைச் சிறிது தளர்த்த வேண்டும். இன்னொரு விஷயம்: 220 வோல்ட்டுக்குச் செய்த பழைய டிரான்ஸ்பார்மரை 230 வோல்ட் லைனில் போட்டால் எல்லா வோல்டேஜும் நான்கைந்து சதவீதம் கூடும். பழைய இன்ஜின்கள் அதைத் தாங்கும். டிஜிட்டல் டீகோடர் (தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சின்ன சர்க்யூட்) வைத்த புது இன்ஜினை அந்த டிரான்ஸ்பார்மரில் ஓட்டினால், அந்தத் துடிப்பே டீகோடரைக் கொல்லும்.

தண்டவாளத்தில் ஒரு இடத்தில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறது.

அந்த இடத்தில் லூஸ் காண்டாக்ட். இணைப்பில் வெறும் அரை ஓம் தடை இருந்து 3 ஆம்பியர் போனால், 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும், 4.5 வாட் சூடு ஒரு பட்டாணி அளவு இடத்தில் உண்டாகும். உருகாமல் என்ன செய்யும்! ரயில் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வைத்து வோல்டேஜ் வித்தியாசம் பாருங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். குழாய் வடிவத் தண்டவாளம் என்றால் பின்னைச் சுற்றி இடுக்கியால் லேசாக நெருக்குங்கள். பெரிய வட்டமாக இருந்தால் எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஜோடி ஒயர் கொடுங்கள்.

பெட்டியின் கூரை பல்புக்கு மேலே தொய்ந்துவிட்டது.

14 வோல்ட், 0.12 ஆம்பியர் பல்பு ஒன்று சுமார் 1.7 வாட். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது அதிகம்தான். வோல்டேஜ் கூடிய பல்பைப் போடுங்கள், மங்கலாகவும் குளிர்ச்சியாகவும் எரியும். இல்லாவிட்டால் தடையோடு எல்இடி போடுங்கள். ஏசி ரயில் என்றால் எல்இடிக்கு டயோடும் வேண்டும். உடல் வளைந்ததற்கெல்லாம் பல்புதான் காரணம் என்று நினைக்காதீர்கள். 1950களின் தொடக்கத்தில் செல்லுலோஸ் அசிடேட்டில் வந்த உடல்கள் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலே வளையும்.

புகை வரும் இன்ஜின்?

புகைத் திரவம் இல்லாமல் ஓட்டாதீர்கள், சூட்டுக் கம்பி எரிந்துவிடும். மிகப் பழைய புகை அலகுகள் சிலவற்றில் உள்ளே அடைத்திருப்பது ஆஸ்பெஸ்டாஸ், அதனால் உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. லயனல் 1946இல் கொண்டுவந்த முதல் புகை முறையில் தனிக் கம்பி கிடையாது. விசேஷமான பல்பின் சூடுதான் புகை மாத்திரையை உருக்கும். அதில் சாதாரண பல்பைப் போட்டுவிட்டுப் புகை வரவில்லை என்று தேடுகிறவர்கள் உண்டு.

பழைய டிரான்ஸ்பார்மரையே பயன்படுத்தலாமா?

நல்ல நிலையில் இருந்தால் தாராளமாக. லயனலின் 1948 இசட்டபிள்யூ மாதிரியானவை இன்றும் உழைக்கின்றன. ஆனால் இங்கேதான் உயிருக்கே ஆபத்து இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

பிளக் ஒயர் உறை வெடித்திருந்தால் சொருகவே வேண்டாம். எர்த் கிடையாத உலோகப் பெட்டி என்றால், எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்க்கச் சொல்லுங்கள். 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரை 230இல் சொருகினால் அங்கேயே முடிந்தது. வோல்டேஜ் குறைக்கும் கன்வெர்ட்டர் வழியாகக் கொடுத்தாலும், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது 50 ஹெர்ட்ஸில் சும்மா இருக்கும்போதே கூடுதலாகச் சூடாகும். அதன்மேல் எழுதியுள்ள வாட்டை முழுவதும் கேட்காதீர்கள். பழைய லயனலில் அந்த எண் உள்ளே வாங்குவதைக் குறிக்கிறது, வெளியே வருவது அதைவிடக் குறைவு.

உள்ளே இருக்கும் சர்க்யூட் பிரேக்கரை நம்ப வேண்டாம். அது சூடேறி வளையும் உலோகத் தகட்டால் ஆனது. தடம் புரண்டு, நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ரோலர் வெளித் தண்டவாளத்தைத் தொட்டால், தகடு யோசித்து முடிப்பதற்குள் இன்ஜினின் மெல்லிய ஒயர் கருகிவிடும். தண்டவாளப் பக்கத்தில் வேகமாக உருகும் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். நீங்கள் அளந்த அதிகபட்ச ஆம்பியரில் ஒன்றரை மடங்கு சரியாக இருக்கும்.

இரண்டு டிரான்ஸ்பார்மர்களை ஒரே லேஅவுட்டில் இணைக்கலாமா?

ஃபேஸ் பார்த்தபின் மட்டும். இரண்டையும் ஒரே வோல்டேஜில் வைத்து, பொதுவான முனைகளை இணைத்து, மற்ற இரு முனைகளுக்கு நடுவே அளங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சரி. இரு மடங்கு காட்டினால் ஒன்றின் பிளக்கைத் திருப்பிச் சொருக வேண்டும். திருப்ப முடியாத பிளக் என்றால் அதை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

இதைவிட முக்கியமானது: ஒன்றை ஆனில் வைத்து இன்னொன்றின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ரயில் இரண்டு பகுதிகளையும் இணைக்கும்போது, தண்டவாளத்தின் மின்சாரம் பிடுங்கிய டிரான்ஸ்பார்மருக்குள் பின்வழியாகப் புகுந்து, கையில் இருக்கும் பிளக்கின் பின்களில் வீட்டு வோல்டேஜாக வெளிவரும். இரண்டையும் ஒரே ஸ்விட்ச் உள்ள பலகையில் சொருகி, ஒன்றாகவே அணையுங்கள்.

டிசி கன்ட்ரோலரிலிருந்து அழுகிய முட்டை, பூண்டு வாடை வருகிறது.

உள்ளே செலினியம் ரெக்டிஃபையர், அதாவது ஏசியை டிசியாக மாற்றும் பாகம், எரிகிறது. அந்தப் புகை நச்சு. அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வெளியே வாருங்கள். பிறகு சிலிக்கான் பிரிட்ஜ் போட்டு மாற்றலாம். சிலிக்கானில் வோல்டேஜ் இழப்பு சுமார் 1.4 வோல்ட்தான், அதனால் தண்டவாளத்துக்கு முன்பைவிட அதிகம் வரும். மாற்றியதும் அளந்து பாருங்கள்.

சுத்தம் செய்தாயிற்று, எண்ணெயும் விட்டாயிற்று, சக்கரம் மட்டும் இறுக்கமாகவே இருக்கிறது.

சட்டத்தை ஒளியில் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஈயம் கலந்துபோன துத்தநாக வார்ப்புகள் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து ஊதும். ஊதிய சட்டம் அச்சுகளை இறுக்கும், மோட்டார் சூடாகும். இதைக் குணப்படுத்த முடியாது. மோட்டாரையும் சக்கரத்தையும் காப்பாற்றி வேறு சட்டத்துக்கு மாற்ற வேண்டியதுதான்.

பழைய இன்ஜினை டிசிசி (டிஜிட்டல் கட்டளையால் ஓட்டும் முறை) தண்டவாளத்தில் வைக்கலாமா?

டீகோடர் இல்லாமல் வைக்காதீர்கள். எப்போதும் திசை மாறும் மின்சாரம் அந்தத் தண்டவாளத்தில் இருக்கும், நிற்கும்போதே மோட்டார் கீச்சிட்டுக்கொண்டு சூடாகும். டீகோடர் பொருத்துவதென்றால் இரண்டு பிரஷ்களும் சட்டத்தைத் தொடக் கூடாது. பழைய மோட்டார்கள் பலவற்றில் ஒரு பிரஷ் சட்டத்தோடுதான் இணைந்திருக்கும். அதைப் பிரிக்காமல் இணைத்தால் டீகோடர் முதல் நொடியிலேயே போய்விடும். மோட்டாரின் நின்றநிலை ஆம்பியரை (மின்சாரம் இருந்தும் சுற்ற முடியாமல் நிற்கும்போது போவது) அளந்து, அதைத் தாங்கும் டீகோடராகத் தேர்ந்தெடுங்கள்.